வானியல் படக்கருவி – கணினி இணைப்பு

வானியல் படக்கருவி – கணினி இணைப்பு என்பது தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட எண்ணிமப் படக்கருவியையும் அதை இயக்கும் கணினியையும் தொடர்புபடுத்தும் வன்பொருள், மென்பொருள் அமைப்பு ஆகும். ஒளிபடு நேரம், மிகைப்பு, குளிர்விப்பு வெப்பநிலை ஆகியவை பற்றிய கட்டளைகள் கணினியிலிருந்து படக்கருவிக்குச் செல்கின்றன. படத் தரவுகள் படக்கருவியிலிருந்து கணினிக்கு வருகின்றன. வானியல் படக்கருவிகள் பலவற்றில் திரையோ நினைவட்டையோ இருப்பதில்லை. எனவே இவ்விணைப்பு அறுந்தால் படம் எடுப்பதே இயலாது போகும்.

இணைப்புச் சிக்கல்கள் வெவ்வேறு காரணங்களால் தோன்றினாலும் பெரும்பாலும் ஒரே மாதிரியான பிழைச்செய்தியாகவே திரையில் தெரிகின்றன. படக்கருவி கிடைக்கவில்லை என்ற செய்தி, பழுதான வடத்தாலும் வரலாம். மின்னழுத்தக் குறைவாலும் வரலாம். இயக்கி நிறுவப்படாமையாலும் வரலாம். ஆகவே சிக்கலின் இருப்பிடத்தை ஒழுங்குமுறையாகக் கண்டறிவது இத்துறையில் அடிப்படைத் திறனாகக் கருதப்படுகிறது.

வரலாறு

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் சிமித் ஆகியோர் சி.சி.டி எனப்படும் மின்னூட்டப் பிணைப்புக் கருவியைக் கண்டுபிடித்தனர். இதற்காக இவர்களுக்கு 2009ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஒளிப்படத் தகடுகளை விடப் பல மடங்கு உணர்திறன் கொண்டிருந்த சி.சி.டி, 1970களின் பிற்பகுதியிலிருந்து வான்காணகங்களில் இடம்பெறத் தொடங்கியது.

1990களில் தொழில்முறை சாராத வானியலாளர்களும் சி.சி.டி படக்கருவிகளை வாங்கிப் பயன்படுத்தினர். இவற்றுள் பல, அச்சுப்பொறிகளுக்கென அமைந்த இணைத்துறை வழியாகவோ தொடர்துறை வழியாகவோ கணினியுடன் இணைக்கப்பட்டன. அக்காலத்தில் ஒரு படம் கணினிக்கு வந்து சேரப் பல நொடிகள் முதல் நிமிடக் கணக்கு வரை ஆவது இயல்பாக இருந்தது.

யூ.எஸ்.பி தரநிலையின் முதற்பதிப்பு 1996ஆம் ஆண்டில் வெளியானது. 1998இல் வெளியான 1.1 பதிப்பு நொடிக்கு 12 மெகாபிட் வேகம் உடையது. 2000ஆம் ஆண்டின் 2.0 பதிப்பு இவ்வேகத்தை 480 மெகாபிட்டாக உயர்த்தியது. 2008ஆம் ஆண்டில் வெளியான 3.0 பதிப்பில் வேகம் 5 கிகாபிட் ஆனது. இடைப்பட்ட காலத்தில் நொடிக்கு 400 மெகாபிட் வேகம் கொண்ட ஃபயர்வயர் இணைப்பும் சில படக்கருவிகளில் பயன்பட்டது.

2000களின் தொடக்கத்தில் உரையாடலுக்கென விற்கப்பட்ட விலை குறைந்த வலைப்படக்கருவிகளைக் கொண்டு கோள்களைப் படமெடுக்கும் வழக்கம் பரவியது. யூ.எஸ்.பி 1.1 வழியாக நொடிக்குப் 10க்கு மேற்பட்ட படச்சட்டங்களை அனுப்புவதற்கு அவை படத்தைக் கடுமையாகச் சுருக்க வேண்டியிருந்தது. இதனால் கோளின் நுண்விவரங்கள் அழிந்தன. இணைப்பின் வேகமே படத்தின் தரத்தை முடிவு செய்யும் என்பதற்கு இது எளிய எடுத்துக்காட்டாகும். பின்னர் வந்த சீமாஸ் வகை உணரி கொண்ட வானியல் படக்கருவிகளில் யூ.எஸ்.பி 3.0 பெருவழக்காயிற்று.

இணைப்பின் அடுக்குகள்

படக்கருவிக்கும் கணினித் திரைக்கும் இடையே உள்ள பாதையைப் பின்வரும் அடுக்குகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. மின்வழங்கல்: உணரிக்கும் மின்சுற்றுக்கும் தேவையான 5 வோல்ட் மின்சாரம் பெரும்பாலும் யூ.எஸ்.பி வடத்தின் வழியாகவே வருகிறது. குளிர்விப்பான் உள்ள படக்கருவிகளுக்குத் தனியாக 12 வோல்ட் மின்சாரம் தேவைப்படும்.
2. வடமும் செருகிகளும்: தரவும் மின்சாரமும் கடக்கும் பருப்பொருள் பாதை இதுவாகும். இடையில் ஹப் எனப்படும் கிளைப்பெட்டி இருந்தால் அதுவும் இவ்வடுக்கில் அடங்கும்.
3. கணினியின் யூ.எஸ்.பி கட்டுப்படுத்தி: பல துறைகளை ஒருங்கே ஆளும் மின்சில்லு.
4. சாதன இயக்கி: டிரைவர் என்று பரவலாக அறியப்படும் இம்மென்பொருள் படக்கருவியின் மொழியை இயங்குதளத்துக்குப் புரிய வைக்கிறது.
5. பொது இடைமுகம்: வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒரே முறையில் கையாள உதவும் ஆஸ்காம், இண்டி போன்ற தரநிலைகள்.
6. படப்பிடிப்பு மென்பொருள்: பயனர் நேரடியாகக் கையாளும் செயலி.

மேல் அடுக்கு ஒவ்வொன்றும் தனக்குக் கீழுள்ள எல்லா அடுக்குகளையும் சார்ந்துள்ளது. எனவே கீழ் அடுக்கில் உள்ள குறையை மேல் அடுக்கில் திருத்த முயல்வது வீண் முயற்சியாகும். மின்னழுத்தக் குறைவால் விழும் படக்கருவிக்கு இயக்கியைப் பலமுறை நிறுவினாலும் பயன் விளையாது.

கணினி படக்கருவியை இனங்காணும் முறை

யூ.எஸ்.பி 2.0 சாதனம் ஒன்றைச் செருகியவுடன் அச்சாதனத்தில் உள்ள 1.5 கிலோ ஓம் மின்தடை, தரவுக் கம்பிகளுள் ஒன்றின் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. இதைக் கொண்டே ஏதோ ஒரு சாதனம் இணைந்துள்ளது என்பதைக் கணினி உணர்கிறது. அடுத்து, கணினி அச்சாதனத்தை மீளமைத்து அதன் விவரக்குறிப்பைக் கேட்கிறது. சாதனம் தன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் தெரிவிக்கிறது. கணினி அதற்கு 1 முதல் 127 வரையிலான முகவரிகளுள் ஒன்றை வழங்குகிறது. இறுதியாக அந்த எண்களுக்குப் பொருத்தமான இயக்கி தேடி ஏற்றப்படுகிறது.

சில படக்கருவிகள் தம் உள்மென்பொருளை நிலையாகச் சேமித்து வைப்பதில்லை. ஒவ்வொரு முறை செருகும்போதும் கணினியே அதனுள் உள்மென்பொருளை ஏற்ற வேண்டும். இத்தகைய படக்கருவி முதலில் ஒரு பொருள் எண்ணுடன் தோன்றி, சில நொடிகளில் மறைந்து, வேறொரு பொருள் எண்ணுடன் மீண்டும் தோன்றும். இது கோளாறு அன்று. ஆனால் முதல் எண்ணோடு நின்றுவிட்டால் உள்மென்பொருளை ஏற்றும் இயக்கி இல்லை அல்லது அது தடைபட்டுள்ளது என்று பொருள்.

சிக்கலைக் கண்டறியும் ஒழுங்கு

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இயங்குதளம் படக்கருவியைக் காண்கிறதா என்பதாகும். விண்டோஸ் இயங்குதளத்தில் சாதன மேலாளர் பட்டியலும், லினக்ஸ் இயங்குதளத்தில் எல்.எஸ்.யூ.எஸ்.பி என்னும் கட்டளையும் இதற்கு விடை தருகின்றன. பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டே வடத்தைப் பிடுங்கிச் செருகினால், எந்த வரி மறைந்து தோன்றுகிறது என்பதைக் கொண்டு படக்கருவியை இனங்காணலாம்.

பட்டியலில் எந்த மாற்றமும் இல்லையெனில் குறை பெரும்பாலும் மின்வழங்கலிலோ வடத்திலோ துறையிலோ உள்ளது. அடையாளம் தெரியாத சாதனமாகத் தோன்றினால் தரவுக் கம்பி, மின்னழுத்தம், இயக்கி ஆகிய மூன்றையும் ஐயுற வேண்டும். சரியான பெயருடன் தோன்றியும் படப்பிடிப்பு மென்பொருளில் தெரியாவிட்டால் குறை மேல் அடுக்குகளில் உள்ளது. இவ்வொரு சோதனையே தேட வேண்டிய பரப்பைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

அதன்பின் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு பின்வருமாறு:

1. ஹப், நீட்டிப்பு வடம், பிற யூ.எஸ்.பி சாதனங்கள் அனைத்தையும் நீக்கிவிட்டு, படக்கருவியைக் குட்டையான வடம் ஒன்றால் கணினியின் துறையில் நேரடியாக இணைத்தல்.
2. வேறு வடம், வேறு துறை, வேறு கணினி என்ற வரிசையில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தல்.
3. தயாரிப்பாளர் வழங்கும் எளிய சோதனைச் செயலியில் படம் வருகிறதா எனப் பார்த்தல். அதில் வந்தால் முதல் நான்கு அடுக்குகளும் நலமாக உள்ளன எனக் கொள்ளலாம்.
4. அடுத்து பொது இடைமுகம் வழியாகவும், இறுதியாக விரும்பிய படப்பிடிப்பு மென்பொருள் வழியாகவும் இணைத்தல்.
5. நீக்கிய சாதனங்களை ஒவ்வொன்றாக மீண்டும் சேர்த்தல். எதைச் சேர்த்தவுடன் சிக்கல் தோன்றுகிறதோ அதுவே ஐயத்துக்குரியது.

ஒரு வேளையில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும் என்பது இம்முறையின் உயிர்நாடியாகும். வடத்தையும் இயக்கியையும் ஒரே நேரத்தில் மாற்றியபின் படக்கருவி இயங்கினால், எது காரணம் என்பது தெரியாமலே போய்விடும். அதே சிக்கல் மற்றோர் இரவில் திரும்பும்போது தேடலை மீண்டும் முதலிலிருந்தே தொடங்க நேரிடும்.

மின்வழங்கலும் வடமும்

யூ.எஸ்.பி 2.0 துறை ஒன்று சாதனத்துக்கு அதிக அளவாக 500 மில்லி ஆம்பியரும், யூ.எஸ்.பி 3.0 துறை 900 மில்லி ஆம்பியரும் வழங்கும் வகையில் தரநிலை வகுக்கப்பட்டுள்ளது. தனி மின்வழங்கல் இல்லாத ஹப்பில் இம்மின்சாரத்தையே பல சாதனங்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். படக்கருவி, வழிகாட்டும் படக்கருவி, குவிய மோட்டார், வடிகட்டிச் சக்கரம் ஆகியவை ஒரே ஹப்பில் இணைந்திருக்கும்போது, சக்கரம் சுழலும் அந்நொடியில் மட்டும் படக்கருவி துண்டிக்கப்படுவது இதனால் ஏற்படும் குறையாகும்.

வடத்தின் தடிமனும் முக்கியமானது. மெல்லிய 28ஆம் எண் செப்புக் கம்பிக்கு ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம் மின்தடை உண்டு. 5 மீட்டர் நீள வடத்தில் மின்சாரம் போகவும் திரும்பவும் மொத்தம் 10 மீட்டர் கம்பியைக் கடக்கிறது. அதன் மின்தடை 2.1 ஓம் ஆகும். படக்கருவி 0.4 ஆம்பியர் இழுத்தால் மின்னழுத்தம் 0.84 வோல்ட் குறைந்து, 5 வோல்ட்டுக்குப் பதிலாக 4.16 வோல்ட்டே படக்கருவியை அடையும். தடிமனான 24ஆம் எண் கம்பியில் மின்தடை மீட்டருக்கு 0.084 ஓம் மட்டுமே என்பதால், அதே நீளத்தில் 0.34 வோல்ட் மட்டுமே குறையும். ஒரே நீளமுள்ள இரு வடங்களுள் ஒன்று இயங்க, மற்றொன்று இயங்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

யூ.எஸ்.பி 2.0 வடத்தின் நீள எல்லை 5 மீட்டர் ஆகும். குறிப்பலை சென்று மறுமொழி திரும்புவதற்கு அனுமதிக்கப்பட்ட கால அளவைக் கொண்டு இவ்வெல்லை வகுக்கப்பட்டது. யூ.எஸ்.பி 3.0 தரநிலை நீள எல்லை எதையும் வெளிப்படையாக விதிக்காவிடினும், அதன் உயர் அதிர்வெண் குறிப்பலைகள் விரைவில் தேய்வதால் சாதாரணச் செப்பு வடங்கள் நடைமுறையில் ஏறத்தாழ 3 மீட்டருக்குள் அமைகின்றன. இதற்கு மேல் தேவையெனில் குறிப்பலையைப் பெருக்கும் செயல்முனை வடமோ, தனி மின்வழங்கல் உடைய ஹப்போ பயன்படுத்த வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து ஹப்களுக்கு மேல் இணைக்கத் தரநிலை இடந்தருவதில்லை.

கைப்பேசியின் மின்னேற்றத்துக்கென விற்கப்படும் சில வடங்களில் தரவுக் கம்பிகளே இருப்பதில்லை. சி வகைச் செருகி கொண்ட வடங்கள் சிலவற்றில் யூ.எஸ்.பி 2.0 கம்பிகள் மட்டுமே இருக்கும். இவற்றைப் புறத்தோற்றத்தால் வேறுபடுத்த இயலாது. எனவே படக்கருவியுடன் வந்த வடத்தைச் சோதனைக்கென ஒதுக்கி வைப்பது நல்லது.

குளிர்விப்பான் உள்ள சில படக்கருவிகள் 12 வோல்ட் மின்சாரம் இல்லாவிடினும் கணினியில் தோன்றும், ஆனால் குளிராது. வேறு சில, 12 வோல்ட் இல்லாமல் கணினியில் தோன்றவே தோன்றா. கையேட்டைப் பார்த்து இவ்விரண்டில் எது தம் கருவி என்பதைப் பயனர் முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

தரவு வேகமும் படச்சட்ட இழப்பும்

இணைப்பு இருந்தும் படம் முழுமையாக வராத நிலை பெரும்பாலும் தரவு வேகத்தோடு தொடர்புடையது. 4656 × 3520 படப்புள்ளிகள் கொண்ட உணரி ஒன்றில் ஏறத்தாழ 1 கோடியே 64 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 16 பிட், அதாவது 2 பைட்டு வீதம், ஒரு படம் 32.8 மெகாபைட் ஆகிறது. யூ.எஸ்.பி 2.0 நடைமுறையில் நொடிக்கு 40 மெகாபைட் அளவே கடத்தும். எனவே ஒரு படம் வந்து சேர 0.8 நொடி தேவை. யூ.எஸ்.பி 3.0 வழியாக இது ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும்.

நெபுலாக்களைப் பல நிமிடம் படமெடுப்போருக்கு இவ்வேறுபாடு பெரிதன்று. கோள்களைப் படமெடுப்போருக்கோ இது அடிப்படையானது. 1936 × 1096 படப்புள்ளிகளும் 8 பிட் ஆழமும் கொண்ட படச்சட்டம் 2.1 மெகாபைட் ஆகும். யூ.எஸ்.பி 2.0 வழியாக நொடிக்கு 19 படச்சட்டங்களே கிடைக்கும். அதே உணரியில் கோள் இருக்கும் 640 × 480 பகுதியை மட்டும் படித்தால் படச்சட்டம் 0.31 மெகாபைட்டாகக் குறைந்து, நொடிக்கு 100க்கும் மேற்பட்ட படச்சட்டங்கள் அதே வடத்தில் கடக்கும்.

யூ.எஸ்.பி 3.0 செருகியில் பழைய 2.0 கம்பிகளும் தனியே உள்ளன. வேகக் கம்பிகளின் தொடுகை சரியில்லையெனில் படக்கருவி பிழை எதுவும் காட்டாமல் 2.0 வேகத்தில் இணைந்துவிடும். செருகியை மிக மெதுவாக நுழைத்தாலும் இவ்வாறு நேர்வதுண்டு. படச்சட்ட வேகம் காரணமின்றிப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், செருகியைப் பிடுங்கி ஒரே வீச்சில் மீண்டும் செருகிப் பார்க்க வேண்டும்.

பல மென்பொருள்களில் யூ.எஸ்.பி போக்குவரத்து அளவைக் கூட்டவும் குறைக்கவும் அமைப்பு உண்டு. படம் கிழிந்தோ பாதியில் நின்றோ வந்தால் இவ்வளவைக் குறைத்துப் பார்க்கலாம். குறைத்தவுடன் சீரானால் வடமோ கட்டுப்படுத்தியோ முழு வேகத்தைத் தாங்கவில்லை என்பது தெளிவாகும். இரு படக்கருவிகள் ஒரே கட்டுப்படுத்தியைப் பகிர்ந்தால் ஒன்றை வேறு கட்டுப்படுத்தியின் துறைக்கு மாற்ற வேண்டும். மேலும், நொடிக்கு 200 மெகாபைட் வரும் தரவைச் சுழலும் வன்தட்டுகள் பலவற்றால் தொடர்ந்து எழுத இயலாது. இந்நிலையில் படச்சட்ட இழப்புக்குக் காரணம் யூ.எஸ்.பி அன்று, சேமிப்பகமே ஆகும்.

இயக்கிகளும் மென்பொருளும்

விண்டோஸ் சாதன மேலாளரில் மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறியுடன் தோன்றும் சாதனத்தின் பண்புகளில் ஒரு குறியெண் காட்டப்படும். குறியெண் 28, இயக்கி நிறுவப்படவில்லை என்பதைக் குறிக்கும். குறியெண் 10, சாதனத்தைத் தொடங்க முடியவில்லை என்பதாகும். குறியெண் 43, சாதனம் சிக்கலைத் தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது என்பதாகும். விவரக்குறிப்பைப் படிக்க இயலவில்லை என்ற குறிப்போடு 43 தோன்றினால், இயக்கியைத் தேடுவதற்கு முன் வடத்தையும் மின்னழுத்தத்தையும் சோதிப்பதே முறையாகும்.

விண்டோஸின் 64 பிட் பதிப்புகள், விஸ்டா காலம் தொடங்கி, எண்ணிமக் கையொப்பம் இல்லாத கருநிலை இயக்கிகளை ஏற்பதில்லை. 32 பிட் காலத்தில் விற்கப்பட்ட படக்கருவிகள் சிலவற்றுக்கு 64 பிட் இயக்கி வெளியாகவே இல்லை. அவை பழுதடையாமலே புதிய கணினிகளில் பயனற்றுப் போயின. பழைய படக்கருவியை வாங்குவோர், தம் இயங்குதளத்துக்கு இயக்கி உண்டா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஆஸ்காம் தரநிலை 1990களின் இறுதியில் பாப் டென்னி என்பவரால் விண்டோஸ் இயங்குதளத்துக்கென உருவாக்கப்பட்டது. இதில் அடிக்கடி எதிர்கொள்ளப்படும் சிக்கல், பிட் பொருந்தாமையாகும். 32 பிட் இயக்கியாக மட்டும் நிறுவப்பட்ட படக்கருவி, 64 பிட் மென்பொருளின் பட்டியலில் கிடைக்காமல் போகலாம். இந்நிலையில் படக்கருவியும் வடமும் நலமாகவே உள்ளன. இயக்கியின் புதிய பதிப்போ, மென்பொருளின் 32 பிட் பதிப்போ தீர்வாகும்.

லினக்ஸில் இயங்கும் இண்டி தரநிலை எல்வுட் டௌனி என்பவரால் வடிவமைக்கப்பட்டது. லினக்ஸில் இரு சிக்கல்கள் பொதுவானவை. முதலாவது, அனுமதிச் சிக்கல். சாதனம் பட்டியலில் தெரிந்தாலும், சாதாரணப் பயனருக்கு அதைத் திறக்கும் உரிமை வழங்கும் விதிக்கோப்பு இல்லையெனில் மென்பொருளால் இணைய முடியாது. இரண்டாவது, நினைவக எல்லை. யூ.எஸ்.பி தரவுக்கென லினக்ஸ் கரு இயல்பாக ஒதுக்கும் நினைவகம் 16 மெகாபைட் மட்டுமே. மேலே கண்ட 32.8 மெகாபைட் படம் இவ்வெல்லையை மீறுவதால், சிறு பகுதிப் படங்கள் வந்தும் முழுப்படம் வராமல் போகலாம். இவ்வளவைக் கூட்டிவிட்டால் சிக்கல் தீர்கிறது.

இரு இயங்குதளங்களுக்கும் பொதுவான காரணங்கள் மேலும் இரண்டு உள்ளன. ஒரு படக்கருவியைப் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளே திறக்க முடியும். முந்தைய செயலி முழுமையாக மூடப்படாமல் பின்னணியில் இயங்கினால் புதிய செயலிக்குப் படக்கருவி கிடைக்காது. அடுத்தது மின்சேமிப்பு. நீண்ட நேரம் தரவு வராத துறையைக் கணினி உறங்க வைத்துவிடலாம். 2 நொடிப் படங்கள் சீராக வந்து, 10 நிமிடப் படங்கள் மட்டும் தோல்வியுற்றால் இதையே முதலில் ஐயுற வேண்டும். விண்டோஸின் மின்திட்ட அமைப்பில் யூ.எஸ்.பி இடைநிறுத்தத்தை முடக்குவதும், கணினியின் உறக்க நிலையை நிறுத்துவதும் இதற்கான தீர்வுகளாகும்.

வலையமைப்பு வழி இணைப்பு

தொலைநோக்கியின் அருகே சிறு கணினி ஒன்றை வைத்து, அதை வீட்டினுள் இருந்து வலையமைப்பு வழியாக இயக்கும் முறையும் வழக்கில் உள்ளது. இதனால் யூ.எஸ்.பி வடம் குட்டையாகிறது. ஆனால் சோதிக்க வேண்டிய அடுக்கு ஒன்று கூடுகிறது. இண்டி சேவையகம் இயல்பாக 7624 என்ற துறை எண்ணையும், ஆஸ்காமின் வலையமைப்பு வடிவமான அல்பாக்கா 11111 என்ற துறை எண்ணையும் பயன்படுத்துகின்றன. தீச்சுவர் மென்பொருள் இவ்வெண்களைத் தடுத்தால் இணைப்பு கிடைக்காது.

2019ஆம் ஆண்டில் வெளியான ராஸ்பெரி பை 4 கணினியின் நான்கு யூ.எஸ்.பி துறைகளும் சேர்ந்து 1.2 ஆம்பியர் மட்டுமே வழங்கும். பல கருவிகளை இணைப்போர் தனி மின்வழங்கல் உடைய ஹப்பைச் சேர்க்க வேண்டும். யூ.எஸ்.பி 3.0 இணைப்பு, 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்குவதை 2012ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் விளக்கி வெளியிட்டது. படம் இறங்கும்போது மட்டும் கம்பியில்லா இணைப்பு தடுமாறினால் 5 கிகாஹெர்ட்சு அலைவரிசைக்கோ ஈதர்நெட் வடத்துக்கோ மாறலாம். ஈதர்நெட் செப்பு வடம் 100 மீட்டர் வரை செல்லும்.

அறிகுறிகளும் வாய்ப்புள்ள காரணங்களும்

• செருகியும் எந்த மாற்றமும் இல்லை: மின்னேற்ற வடம், பழுதான துறை, 12 வோல்ட் இன்மை.
• அடையாளம் தெரியாத சாதனம்: மின்னழுத்தக் குறைவு, நீள வடம், இயக்கி இன்மை.
• சாதன மேலாளரில் சரியாக உள்ளது, மென்பொருளில் இல்லை: பிட் பொருந்தாமை, வேறு செயலி திறந்திருத்தல், அனுமதி இன்மை.
• சிறு பகுதிப் படம் வருகிறது, முழுப்படம் வரவில்லை: தரவு வேகம், நினைவக எல்லை.
• குறுகிய நேரப் படம் வருகிறது, நீண்ட நேரப் படம் வரவில்லை: மின்சேமிப்பு, உறக்க நிலை.
• தொலைநோக்கி திரும்பும்போது அறுகிறது: வடம் இழுபடுதல், செருகித் தளர்வு, மோட்டார்களால் மின்னழுத்தம் வீழ்தல்.
• நள்ளிரவுக்குப் பின் அறுகிறது: மின்கலம் தீர்தல், செருகியில் பனி படிதல், குளிரில் வடம் விறைத்தல்.

இணைப்பு முறிவின் விளைவுகள்

வானியல் நிகழ்வுகள் பல திரும்பப் பெற இயலாதவை. 2009 சூலை 22 அன்று நிகழ்ந்த முழு சூரிய கிரகணத்தின் முழுமறைப்பு அதிக அளவாக 6 நிமிடம் 39 நொடி நீடித்தது. 2024 ஏப்பிரல் 8 கிரகணத்தில் இது 4 நிமிடம் 28 நொடி மட்டுமே. கணினியை ஒரு முறை மீள இயக்குவதற்குள் இந்நேரத்தின் பெரும்பகுதி கடந்துவிடும்.

விண்மீன் ஒன்றைச் சிறுகோளோ கோளோ மறைக்கும் நிகழ்வுகளில் பெறுமதி வாய்ந்த தகவல் சில நொடிகளுக்குள் அடங்கியிருக்கும். 1977 மார்ச் 10 அன்று யுரேனசு ஒரு விண்மீனை மறைத்தபோது, மறைப்புக்கு முன்னும் பின்னும் அவ்விண்மீனின் ஒளி சிறிது நேரம் மங்கியதைக் கொண்டே யுரேனசின் வளையங்கள் கண்டறியப்பட்டன. தமிழ்நாட்டின் காவலூர் வான்காணகத்திலும் இந்நிகழ்வு பதிவு செய்யப்பட்டது. அப்பதிவுகள் ஒளிமானிகளால் எடுக்கப்பட்டவை. இன்று இத்தகைய நோக்கீடுகளைப் படக்கருவிகளே செய்கின்றன. இடையில் சில படச்சட்டங்கள் இழக்கப்பட்டால் ஒளி மங்கிய நேரம் தவறாகக் கணிக்கப்படும். மேலும், கணினி பதிக்கும் நேரம் படச்சட்டம் வந்து சேர்ந்த நேரமாக இருக்கக்கூடும். ஒளி பட்ட நேரத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளி இணைப்பின் தாமதத்தைப் பொறுத்து மாறும்.

வழிகாட்டும் படக்கருவி அறுந்தால் தாங்கியின் சிறு பிழைகள் திருத்தப்படாமல் விண்மீன்கள் கோடுகளாகப் பதியும். கட்டுப்பாட்டு மென்பொருள் முழுவதும் நின்றுவிட்டால், தாங்கி தொடர்ந்து சுழன்று தொலைநோக்கிக் குழலைத் தூணில் மோதவும் கூடும். எனவே தாங்கியின் சுழற்சி எல்லைகளை, கணினியை மட்டும் நம்பாமல், தாங்கியிலேயே அமைத்து வைப்பது பாதுகாப்பானது.

முன்னேற்பாடுகள்

நோக்கீட்டு இரவுக்கு முன் பகலிலேயே படக்கருவியை மூடியுடன் இணைத்து ஒத்திகை பார்ப்பது சிறந்தது. விரைவாக 50 குறுகிய படங்கள் எடுப்பது தரவு வேகத்தைச் சோதிக்கும். அடுத்து 10 நிமிட இருட்படங்கள் சிலவற்றை எடுப்பது மின்சேமிப்பு அமைப்பையும் குளிர்விப்பானையும் சோதிக்கும். தொலைநோக்கியை எல்லாத் திசைகளிலும் திருப்பி வடம் எங்கும் இழுபடாமல் இருப்பதை உறுதி செய்ய வேண்டும். வடத்தைப் படக்கருவியின் அருகே தாங்கியோடு சேர்த்துக் கட்டினால் அதன் எடை செருகியின் மீது விழாது.

நன்கு இயங்கும் அமைப்பில், முக்கிய நிகழ்வுக்கு முந்தைய நாள் இயங்குதளத்தையோ இயக்கியையோ புதுப்பிப்பது தவிர்க்கப்பட வேண்டும். இயங்கும் இயக்கிப் பதிப்பின் எண்ணையும், பயன்படுத்தும் துறையையும், வடத்தையும் குறித்து வைத்தால் பின்னர் மாற்றம் எங்கு நேர்ந்தது என்பதை எளிதில் கண்டறியலாம். சோதித்துப் பார்த்த மாற்று வடம் ஒன்றை உடன் வைத்திருப்பது, பல மணி நேரத் தேடலை ஒரு நிமிட வேலையாக்கும்.

இவற்றையும் பார்க்க

• மின்னூட்டப் பிணைப்புக் கருவி
• தொலைநோக்கி
• வானியல் ஒளிப்படவியல்
• யூ.எஸ்.பி
• சூரிய கிரகணம்
• வைணு பாப்பு வான்காணகம்